துப்பாக்கித் துளையும் ஒப்பந்தத் தாளும்

காரைக்காலை ஒட்டிய மீனவர் ஊர்கள் பலவற்றின் பெயர் ‘மேடு’ என்று முடியும். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு. ஆறு கொண்டுவந்து கொட்டியதும் கடல் ஒதுக்கித் தள்ளியதுமான மணல்தான் இங்கே மேடு. பாறை என்று சொல்ல எதுவும் கிடையாது. வடக்கே சற்றுத் தொலைவில், தரங்கம்பாடியில், டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை அலைவாய்க்கரையிலேயே நிற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சுக் கொடி ஏறியும் இறங்கியும் பறந்த காரைக்காலிலோ அப்படியொரு மதிலைக் காட்ட முடியாது. காலனி ஆட்சியின் இடிபாட்டைத் தேடி வருகிறவர் காரைக்கால்மேட்டில் நின்றால் படகும் வலையும் மணலும்தான் கண்ணில் படும். ஆனால் இந்தக் கரையில் கப்பலேறியவர்கள் போய்ச் சேர்ந்த தீவுகளில் இடிபாடுகளுக்குக் குறைவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலும் இந்துமாக்கடல் தீவுகளிலும் கரும்புத் தோட்ட முதலாளிகள் கட்டிய கல் மாளிகைகள் கூரை இழந்து நிற்கின்றன. சில மாளிகைகள் கோட்டையாகவே கட்டப்பட்டவை. அவற்றைப் பார்க்கப் போகிறவர் மனத்தில் முதலில் எழுவது கடற்கொள்ளையர் கதை. நான் சொல்ல வருவது வேறு. அந்தச் சுவர்கள் கடலுக்குப் பயந்து எழுந்ததைவிடக் கரும்பு வயலுக்குப் பயந்து எழுந்தது அதிகம். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு அதே காவலுக்குக் கல் வேண்டியிருக்கவில்லை, தாளே போதுமானதாக இருந்தது. அந்தத் தாளில் பெயர் எழுதப்பட்ட துறைகளில் காரைக்காலும் ஒன்று. இங்கே சுவர் இல்லாததையும் அங்கே சுவர் இருப்பதையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாகப் படிக்க வேண்டும்.

முதலில் சுவர். ஜமைக்காவின் வடகரையில் டிரெலானி வட்டாரத்தில் ஸ்டூவர்ட் காசில் என்றொரு இடிபாடு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டூவர்ட் குடும்பத்துக் கரும்புத் தோட்டத்தின் தலைமை வீடு அது. அதன் கல் சுவர்களில் துப்பாக்கி நீட்டிச் சுடுவதற்கான துளைகள் விடப்பட்டிருக்கின்றன. செயின்ட் ஆன் வட்டாரத்தில் எடின்பரோ காசில் என்று இன்னொன்று. அதைக் கட்டிய லூயிஸ் ஹட்சின்சன் வழிப்போக்கர்களைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்காக 1773இல் தூக்கிலிடப்பட்டவன். அவன் வீட்டின் எதிரெதிர் மூலைகளில் துளைகள் வைத்த இரண்டு வட்டக் கோபுரங்கள். மூலைக்கு மூலை கோபுரம் வைத்தால் ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் இரண்டு சுவர்களின் நெடுகிலும் சுடலாம், சுவரடியில் ஒருவரும் ஒண்ட முடியாது. இப்படிப்பட்ட துளை உள்ளே அகன்றும் வெளியே குறுகியும் இருக்கும்: சுடுகிறவனுக்குத் துப்பாக்கியைத் திருப்ப இடம், எதிரிக்கோ ஒரு கோடுதான் இலக்கு. இந்தக் கட்டட அறிவு எந்த எதிரியை மனத்தில் வைத்தது என்பதைத் துளையே சொல்லிவிடுகிறது. கப்பற்படை வந்தால் அதனிடம் பீரங்கி இருக்கும். வீட்டுச் சுவர் எத்தனை கனமாக இருந்தாலும் நாலு குண்டுக்குத் தாங்காது. பீரங்கிக்கு அஞ்சிக் கட்டுகிறவர்கள் தரங்கம்பாடியில் கட்டியது போலக் கொத்தளம் கட்டுவார்கள், மண்ணணை போடுவார்கள், தாங்களும் பீரங்கி வைப்பார்கள். துப்பாக்கித் துளை பீரங்கி இல்லாத எதிரிக்கானது. கையில் கரும்பு வெட்டும் கத்தியும் தீப்பந்தமும் மட்டுமே கொண்டு, பெருந்திரளாக, பெரும்பாலும் இரவில் வரக்கூடிய எதிரி. அப்படிப்பட்டவர்கள் அந்த வீட்டைச் சுற்றித்தான் குடியிருந்தார்கள். அந்தக் காலத்து ஜமைக்காவில் வெள்ளையர் ஒருவருக்கு அடிமைகள் ஏறத்தாழ பத்துப் பேர்.

இதற்கு மறுப்புகள் உண்டு, சிலவற்றில் நியாயமும் உண்டு. கடல்வழி ஆபத்து வெறும் கற்பனையன்று. 1694இல் துய்க்காஸ் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஜமைக்காவில் இறங்கித் தோட்டங்களை எரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளை வாரிக்கொண்டு போனார்கள். அதைக் கண்ட தலைமுறை கல் வீடு கட்ட நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் துளை வைத்த வீடுகளில் இன்று நமக்குத் தெரிந்தவை அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துக் கட்டப்பட்டவை. இரண்டாவது மறுப்பு, இந்த முதலாளிகளில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள், தங்கள் ஊர்க் கோட்டை வீடுகளின் சாயலைப் பெருமைக்காகக் கொண்டுவந்தார்கள் என்பது. அதுவும் உண்மைதான்; ஆனால் செட்டிநாட்டுக்காரர் பர்மாத் தேக்கைக் கொண்டுவந்தார் என்பதால் அவர் வீட்டுத் தூணுக்கு வேலையில்லை என்று ஆகிவிடுமா? சாயல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, அந்தச் சாயலைப் பணம் செலவழித்துத் தக்கவைத்தது ஏன் என்பது வேறொரு கேள்வி. மூன்றாவதாக, கனத்த சுவர் புயலுக்காக என்பார்கள். புயலுக்குக் கனம் வேண்டும், துளை வேண்டாம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஓல்ட் ஹார்பர் அருகே நான்கு மூலைக் கோபுரங்களோடு நிற்கும் கோல்பெக் காசில், இந்த வகை இடிபாடுகளில் மிகப் பெரியதாக இருந்தும், காவலைவிடப் பகட்டுக்கே கட்டப்பட்டது போலத் தெரிகிறது. 1655இல் தீவைப் பிடித்த ஆங்கிலப் படையோடு வந்த ஜான் கோல்பெக் கட்டியது என்பது பழைய செவிவழி. கட்டட அமைப்பைப் பார்த்தவர்கள் அதைப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் தள்ளுகிறார்கள். கோபுரம் என்றாலே அச்சம் என்று நான் சொல்லவில்லை. சுடுவதற்கு வைத்த துளையை வேறு எதற்கும் வைத்ததாகச் சொல்ல முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்ததா என்பதற்கு 1760 பதில் சொல்கிறது. காரைக்கால் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த ஆண்டு பழக்கமானது. ஏப்ரல் 5ஆம் நாள் காரைக்காலின் பிரெஞ்சுக் காவற்படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஈஸ்டருக்கு மறுநாள் இரவு, ஜமைக்காவின் செயின்ட் மேரி வட்டாரத்தில் டாக்கி என்ற அடிமையின் தலைமையில் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் முதலில் செய்த காரியம் போர்ட் மரியாவிலிருந்த கோட்டைக்குள் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் எடுத்துக்கொண்டதுதான். பிறகுதான் தோட்ட வீடுகளின் மேல் போனார்கள். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. பிரிட்டன் ஏழாண்டுப் போரை இரு கோடிகளிலும் நடத்திக்கொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு முடிச்சுப் போடவும் வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் விளங்கும். சோழமண்டலக் கரையில் ஐரோப்பியனின் எதிரி இன்னொரு ஐரோப்பியன், அவனுக்காகக் கொத்தளக் கோட்டை. கரும்புத் தீவில் அவனுடைய எதிரி அவனுக்கே உழைப்பவன், அவனுக்காகத் துளை வைத்த வீடு. அந்தத் துளையும் கடைசியில் கைகொடுக்கவில்லை. 1831 டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டத்தில் வைத்த தீ மேற்கு ஜமைக்கா முழுவதும் பரவியது. சாம் ஷார்ப் தலைமையிலான அந்தக் கலகம் அடக்கப்பட்ட மூன்றே ஆண்டுகளில், 1834 ஆகஸ்டில், பிரிட்டிஷ் தீவுகளில் அடிமைச் சட்டம் முடிவுக்கு வந்தது.

பிரெஞ்சுத் தீவுகளுக்கு வருவோம்; காரைக்காலுக்கு நேர் உறவு அங்கேதான். மார்த்தினிக்கில் காரவெல் முனையில் துய்புக் குடும்பத்தின் தோட்ட வீடு இடிந்து கிடக்கிறது. ஊர்மக்கள் அதை ‘ஷாத்தோ துய்புக்’ என்கிறார்கள்; ஷாத்தோ என்றால் கோட்டை மாளிகை. 1717இல் தீவின் ஆளுநரையே பிடித்துக் கப்பலேற்றித் துரத்திய முதலாளிகளுக்குத் தலைமை தாங்கிய குடும்பம் அது. ஆலையின் அடித்தளம், கிடங்குகள், தளம் போட்ட முற்றம் இவற்றோடு அடிமைகளை அடைத்துவைத்த இருட்டறையும் அங்கே மிஞ்சியிருக்கிறது. ஜமைக்காவின் துளை வெளியே நோக்கியது என்றால் இந்த அறை உள்நோக்கியது. இரண்டுமே ஒரே மக்களுக்கானவை. ரெயூனியனில் செயின் ஜீல் மேட்டுப்பகுதியில் தெபாசன் குடும்பத்தின் வீடு இன்றும் கெடாமல் நின்று, வில்லேல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1780களில் அதைக் கட்டிய ஆன்ரி பொலேன் பனோன் தெபாசன் இளமையில் இந்தியப் போர்களில் பங்கெடுத்தவர். வீட்டைப் பார்க்கும் தமிழர் யாரும் திடுக்கிடுவார்கள்: தூண் வரிசை, தட்டையான மொட்டை மாடி, சுண்ணாம்புக் காரையிட்ட தளம், அப்படியே புதுச்சேரி. அந்த மாடித்தளத்துக்கு அவர்கள் சொல்லும் ‘அர்கமாஸ்’ என்ற சொல்கூட நம் கரையில் புழங்கிப் போனதுதான். அவர் மனைவி ஒம்ப்ளின் தெபாசன் கணவருக்குப் பின் நாற்பத்தாறு ஆண்டு தோட்டத்தை ஆண்டு 1846இல் இறந்தார். எரிமலையின் வாய்க்குள் அவர் ஆவி இன்னும் வெந்துகொண்டிருக்கிறது என்று அந்தத் தீவில் கதை சொல்வார்கள். நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த இந்த வீட்டில் துப்பாக்கித் துளை இல்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று இதுவே என்று ஒருவர் சொல்லலாம். தோட்ட வீடுகளில் மிகப் பெரும்பாலானவை கோட்டைகள் அல்ல. பத்துப் பதினைந்து இடிபாடுகளை வைத்துக்கொண்டு முழு அமைப்பின் மனநிலையையும் சொல்வது மிகையில்லையா? சுவர் என்பதை வெறும் கல்லாக மட்டும் எடுத்துக்கொண்டால் மிகைதான். ஆனால் தெபாசன் வீட்டுக்குத் துளை தேவைப்படாததற்குக் காரணம் அங்கே அச்சம் இல்லை என்பதன்று. அந்தக் காவலைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. 1685இல் பதினான்காம் லூயி காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்காக எழுதப்பட்ட கறுப்புச் சட்டம் 1723இல் ரெயூனியனுக்கும் மொரீசியசுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு மாதம் தப்பி ஓடியிருந்த அடிமைக்குக் காது அறுத்துத் தோளில் சூடு, மறுமுறை ஓடினால் பின்தொடை நரம்பு வெட்டு, மூன்றாம் முறை சாவு. ஓடியவர்களை மலையில் தேடிப் பிடிக்கத் தனிப் படை. மலையும் கடலும் சூழ்ந்த தீவில் இப்படியொரு சட்டம் இருக்கையில் வீட்டுச் சுவரைத் துளைக்க வேண்டிய அவசியம் குறைவு. கல்லில் இருந்து எழுத்துக்குக் காவல் மாறுவது அடிமை முறை ஒழிந்த பிறகு தொடங்கியதன்று. அதற்கு முன்பே பாதிக்கு மேல் நடந்து முடிந்திருந்தது. துளை வைத்த வீடுகள் அபூர்வமாக இருப்பதும் அதனால்தான்: எழுத்தை நம்ப முடியாத இடத்திலும் காலத்திலும்தான் முதலாளி கல்லை நாடினான்.

இனி நம் கரைக்குத் திரும்பலாம். 1738இல் தஞ்சை அரியணைக்குப் போட்டியிட்ட சாகுஜி, புதுச்சேரி ஆளுநர் துய்மாவின் உதவியைக் கேட்டுக் காரைக்கால் நகரையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் சில ஊர்களையும் விலைக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை கிடைத்ததும் இழுத்தடித்தார். சந்தா சாகிபின் உதவியோடு 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் இடத்தைக் கைக்கொண்டார்கள். அடுத்து வந்த பிரதாப் சிங் காலத்தில், 1750 வாக்கில், அவர்கள் கையில் 81 ஊர்கள் இருந்தன. ஆக, காரைக்காலின் முதல் விலைப்பட்டியலிலேயே ஒரு கோட்டை உண்டு. பிறகு 1760இல் தொடங்கிப் போர்தோறும் கை மாறி, நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1817இல் கடைசியாகத் திரும்பக் கிடைத்தபோது ஒரு நிபந்தனையும் கூட வந்தது. 1814 பாரீஸ் உடன்படிக்கையின்படி இந்தியாவில் திரும்பக் கொடுக்கப்படும் இடங்களில் பிரான்ஸ் அரண் எழுப்பக் கூடாது. அமைதி காக்கத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கவும் கூடாது. மதில் கட்ட உரிமையில்லாத காலனி எதைக் கொண்டு பயன்பெறும்? 81 ஊர்களின் நெல் வரியால் பெரிய லாபம் கிடையாது. ஆனால் இந்தச் சிறு நிலத்தைச் சுற்றி, அடிமைகளைப் போலவே நிலத்தோடு கட்டுண்ட உழவர்கள் நிறைந்த, மக்கள் நெருக்கம் மிக்க தஞ்சைச் சமவெளி இருந்தது. கரையில் பிரெஞ்சுச் சட்டம் செல்லும் ஒரு துறை இருந்தது. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது அங்கே கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது.

ஆள் ஏற்றுமதி இந்தக் கரைக்கு அதற்கு முன்பே பழக்கமானது. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய ஒரு விவகாரத்தை 1743இலேயே ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1828இல் ரெயூனியனுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முதல் முயற்சி நடந்தபோது புதுச்சேரி ஆளுநராக இருந்தவர் எழேன் தெபாசன் தெ ரிஷ்மோன். செயின் ஜீல் வீட்டம்மா ஒம்ப்ளினின் பேரன். புதுச்சேரியில் நூலகமும் கல்லூரியும் தொடங்கியவர் என்று அவர் பெயரை இன்றும் நல்லவிதமாகத்தான் சொல்கிறார்கள், அது பொய்யுமில்லை. ஆனால் தூண் வரிசையையும் மொட்டை மாடியையும் இந்தக் கரையிலிருந்து எடுத்துக்கொண்ட குடும்பம் இரண்டு தலைமுறை கழித்து ஆட்களையும் அனுப்பிவைக்கும் இடத்தில் இருந்தது என்பது தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதன்று. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு மார்த்தினிக்கின் செயின் பியேர் துறையை அடைந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் போனது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு 42,000 பேர், மார்த்தினிக்குக்கு 25,000 பேர், பிரெஞ்சு கயானாவுக்கு 8,000 பேருக்கு மேல். ரெயூனியனுக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். எல்லாரும் காரைக்காலில் ஏறியவர்கள் அல்லர், புதுச்சேரியும் பிற துறைகளும் உண்டு. ஆனாலும் தஞ்சை நாட்டு ஆளுக்கு அருகிலிருந்த வாசல் இதுதான். மேஸ்திரி ஊரூராகப் போய் ஆள் சேர்ப்பார், கிடங்கில் வைத்துப் பெயர் எழுதுவார்கள், கப்பல் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு என்ற தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கடலோடிய கணவன் திரும்பாத கதை காரைக்காலுக்குப் பழையது. காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் மரக்கலமேறிப் பொருள் குவித்துப் பாண்டி நாட்டில் வேறு குடும்பமாக வாழ்ந்தான் என்கிறது பெரிய புராணம். அவனிடம் சரக்கு இருந்தது. இவர்கள் தாங்களே சரக்கு.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு, நாளைக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஐந்தாண்டு முடிந்ததும் இலவசமாகத் திருப்பி அனுப்ப வேண்டும், கணவன் மனைவியைப் பிரிக்கக் கூடாது: 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை சொல்வது இது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சுவர் எங்கே என்றால், ஐந்தாண்டு என்பது நாட்காட்டி ஆண்டு அன்று. காரணமின்றி வராத நாள் ஒப்பந்தத்தின் வாலில் சேரும். நோயும் தகராறும் யார் கணக்கில் ‘காரணமின்றி’ ஆகும் என்பதை முதலாளியின் ஏடு முடிவு செய்யும். மார்த்தினிக்கில் ஆளுநர் கெதோன் 1855 செப்டம்பரில் போட்ட ஆணை, உழைக்கும் வயது வந்தவர்கள் உள்நாட்டிலேயே நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. வேலைக் கைப்புத்தகம் இல்லாதவர் நாடோடி, நாடோடிக்குத் தண்டனை. பிரெஞ்சு முதலாளிகள் நிறைந்த, பிரிட்டிஷார் ஆண்ட மொரீசியசில் தோட்டத்தில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களும் புகைப்படம் ஒட்டிய சீட்டோடுதான் வெளியே நடக்க வேண்டும் என்று 1867இல் சட்டம் வந்தது. கல் சுவருக்குள் இருட்டறையில் அடைக்கப்பட்டவனுக்குத் தான் அடைபட்டிருப்பது தெரியும், வெளியே இருப்பவனுக்கும் தெரியும். சீட்டுக்குள் அடைபட்டவன் பாதையில் நடந்துகொண்டிருப்பான். தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டும் வரையில் அவனுக்குமே தன் சிறை கண்ணுக்குத் தெரியாது.

அடிமை வேறு, ஒப்பந்தக் கூலி வேறு. போனவர்கள் விரும்பித்தானே போனார்கள் என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பஞ்சம் மட்டுமன்று காரணம். தஞ்சைச் சமவெளியில் பண்ணையாளின் வாழ்வு எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டுத் தீவுக் கொடுமையை மட்டும் பேசுவது பாதிக் கதை. திருமணத்துக்கு வாங்கிய முன்பணம் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்ன பிறகும் அந்தக் கடன் வயலில் அப்படியே நின்றது. மிராசுதாரின் வீட்டில் துப்பாக்கித் துளை கிடையாது, தெருவைப் பார்த்துத் திறந்த திண்ணைதான் உண்டு. வழிப்போக்கன் யாரும் வந்து படுக்கலாம் என்று அந்தத் திண்ணையை நாம் விருந்தோம்பலுக்கு அடையாளமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வீட்டு நிலத்தை உழுதவன் அதில் உட்காரவும் முடியாது, அந்தத் தெருவில் நடக்கவும் முடியாது. கல் கோபுரமும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், யாரும் எழுதிவைக்கவே தேவையில்லாத காவல் அது. அங்கிருந்து கப்பலேறியவன் தன் விருப்பத்தோடுதான் ஏறியிருக்கலாம். ஆனால் விருப்பம் என்பது எதிரே இருக்கும் வழிகளுக்குள் ஒன்றைத் தேர்வதுதானே; இரண்டு வழியும் அடைப்புக்குள் போவதாக இருந்தால் தேர்ந்தது அவன் என்பதால் அடைப்பு இல்லாமல் போய்விடாது. தவிரவும், ஏறுகிறவர் மனமறிந்துதான் ஏறுகிறாரா என்று கேட்டறிய பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரைத் துறையில் வைக்க 1861 உடன்படிக்கைக்கு வேண்டியிருந்தது. எல்லாரும் விரும்பித்தான் போனார்கள் என்றால் அந்த அதிகாரிக்கு அங்கே என்ன வேலை? திரும்பி வந்தவர்கள் உண்டு என்பதும் உண்மை: மார்த்தினிக்கிலிருந்து பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் திரும்பினார்கள். குவாதலூப்பிலிருந்து திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே ஒப்பந்தம், பக்கத்துப் பக்கத்துத் தீவு, ஆனால் கணக்கில் இத்தனை வேறுபாடு என்றால் தாளில் எழுதிய உரிமையைவிட அதை நடத்திவைத்த கை எதுவென்பதே முடிவு செய்திருக்கிறது.

தாள் சுவரையும் கல் சுவரையும் முற்றிலும் ஒன்றென்று சொன்னால் அதுவும் தவறு. கல்லில் முதலாளி சுடுவதற்குத்தான் துளை உண்டு. தாளிலோ மறுபக்கத்திலிருந்தும் துளை போடலாம். எழுதியதை எழுதியவனிடமே நீட்டிக் காட்டலாம். மொரீசியசில் 1871இல் அடோல்ப் தெ பிளேவிட்ஸ் என்ற ஐரோப்பியர் பழைய கூலிகளின் குறைகளைத் தொகுத்து 9,401 பேரின் ஒப்பத்தோடு மனு கொடுத்தார். அதன் விளைவாக அரச ஆணையம் வந்தது. ரெயூனியனில் 1877இல் கோல்ட்ஸ்மிட் என்ற ஆங்கிலேயரும் மியோ என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து விசாரித்தார்கள். தாளில் இருந்ததும் தோட்டத்தில் நடந்ததும் வேறு வேறு என்பது அதிகாரபூர்வமாகவே பதிவாயிற்று. 1882இல் ரெயூனியனுக்கும் 1880களின் கடைசியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவது நின்றது. டாக்கியின் ஆட்களுக்குக் கோட்டையில் புகுந்து துப்பாக்கி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒப்பந்தக் கூலியின் பிள்ளைகளுக்கு வேறொரு வழி கிடைத்தது, நீண்ட வழி.

அந்த வழியில் கடைசி வரை நடந்தவர் ஆன்ரி சிதம்பரம். குவாதலூப்பில் காபெஸ்தேர் என்ற ஊரில் 1863இல் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர்ப்பக்கம் இன்று பெரிய மாரியம்மன் கோயில் இருக்கிறது; மதுரை வீரனை அங்கே ‘மால்தெவிலென்’ என்று கும்பிடுகிறார்கள், ஆட்டுக்கறிக் குழம்பு ‘கொலம்போ’ என்ற பெயரில் தீவுக்கே பொதுவான சாப்பாடாகிவிட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகள் யாருடைய குடிமக்கள் என்பது தீராமல் கிடந்தது. தகப்பன் பிரிட்டிஷ் இந்தியாவில் சேர்க்கப்பட்டவன் என்று தாளில் இருந்தால் மகன் பிரெஞ்சுக்காரன் இல்லை, வாக்கில்லை என்றது நிர்வாகம். 1904இல் வாக்காளர் பட்டியலைப் பற்றிய வழக்கில் சிதம்பரம் தொடங்கினார். அவரும் தாளைத்தான் எடுத்தார்: பிரெஞ்சுச் சட்டப் பிரிவுகள், உடன்படிக்கையின் வாசகம், பிறப்புப் பதிவுகள். பிரெஞ்சு அரசு அவர் பக்கம் முடிவு சொன்னது 1923இல், பத்தொன்பது ஆண்டு கழித்து. தம் பெயரைத் தாங்கிய ஊரையோ தம் பெற்றோர் கப்பலேறிய நாட்டையோ அவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. பிறந்த தீவில் வாக்குப் போட வேண்டும் என்பதே அவர் கேட்டது. 1952இல் அவர் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1954 நவம்பர் முதல் நாள், காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி கடைசி முறையாக இறங்கியது. அதற்கான ஒப்பந்தத் தாளில் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தந்து முடிக்க 1962 ஆகிவிட்டது.